நிக்கும்போது அளந்தது

ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு பெருமை இருக்கும். ஒருத்தர் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். இன்னொருத்தர் கண்ணை மூடிக்கொண்டு கார்புரேட்டரைப் பிரித்து மாட்டுவார். இந்த மெக்கானிக்கின் பெருமை, அதைப் பெருமை என்று சொல்லலாமென்றால், பயம். முடுக்கிய போல்ட்டை மறுபடியும் முடுக்குவார். கை கழுவப் போவார், பாதி வழியில் நின்று யோசிப்பார், "எதுக்கும் இன்னொரு சுத்து" என்று திரும்பி வந்து ஸ்பேனரை எடுப்பார். இன்னொருசுத்து என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே முழிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி, பிக்கப் வண்டி ஓட்டி வாடகைக்கு லோடு அடிக்கிறவள். வீட்டுச் சாமான், சிமென்ட் மூட்டை, அலமாரி, எது கிடைத்தாலும் ஏற்றுவாள். எதிரில் லாரி வந்தால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள். இவள் ஹாரனில் கையை வைத்துவிட்டு லாரிக்காரனின் முகத்தைப் பார்ப்பாள். அவள் வெளியே கிளம்பினால் இவருக்கு இருப்புக் கொள்ளாது. போய்ச் சேர்ந்தாயா, திரும்பினாயா, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று போன் மேல் போன் போடுவார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் டவர் மேலேயே குடியிருக்காரா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டேவிட்டார்.

அவர்களுடைய பிக்கப் அவர்கள் கல்யாணத்தை விட மூத்தது. கொஞ்ச நாளாக அதன் எஞ்சின் பெட்ரோலை விட ஆயிலை விரும்பிக் குடித்தது. பின்னால் வருகிற இரண்டு சக்கரக்காரர்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளுடைய வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள்.

"வண்டியையே மாத்திடலாம்மா. வயசாயிடுச்சு. எனக்குப் பயமா இருக்கு" என்றார் மெக்கானிக்.

"உங்களுக்கும்தான் வயசாயிடுச்சு. நான் மாத்திட்டேனா? உள்ளே இருக்கிறதை மட்டும் மாத்துங்க, ஓடும்" என்றாள் அவள்.

மூக்கு நசுங்காமல், பின்பக்கம் மட்டும் அடிபட்டு ஒதுக்கப்பட்ட ஒரு வேன் கிடைத்தது. அதன் டீசல் எஞ்சின் அப்படியே கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. எஞ்சினையும் அதோடு ஒட்டியிருந்த கியர்பாக்ஸையும் பிக்கப்பில் ஏற்றுவது என்று முடிவானது. லேத்துக்காரரிடமிருந்து செயின் பிளாக்கை இரவல் வாங்கி, பட்டறை உத்தரத்தில் மாட்டி, பழைய எஞ்சினை வெளியே தூக்கினார்கள். புதியது உள்ளே இறங்கும்போதுதான் வேடிக்கை. எஞ்சின் அந்த வண்டிக்காகப் பிறந்தது இல்லையே. தாங்கிகள் ஒரு பக்கம் பார்த்தால் ஓட்டைகள் வேறு பக்கம் பார்த்தன. வெட்டி, ஒட்டி, வெல்டிங் வைத்து, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, ஒருவழியாக எஞ்சினும் வண்டியும் சம்பந்தம் பேசி முடித்தன. மெக்கானிக்கின் தடித்த கை நுழையாத சந்துகளில் எல்லாம் மனைவியின் கை நுழைந்தது. அவளுக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. கன்னத்தில் கிரீஸைப் பூசிக்கொண்டு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போல்ட்டுகளை ஏற்றினாள்.

பாக்கி இருந்தது ஜாயின்ட் ஷாஃப்ட். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு போகிற நீளமான இரும்புக் குழாய் அது. அதன் முன்முனை கியர்பாக்ஸுக்குள் செருகியிருக்கும். வண்டி மேடு பள்ளத்தில் குதிக்கும்போது பின் அச்சும் ஏறி இறங்கும், அப்போது அந்த முனை உள்ளே வெளியே வழுக்குவதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். புது கியர்பாக்ஸ் பழையதை விடக் குட்டை. ஆகவே குழாயை நீட்டியாக வேண்டும்.

"மாப்பிள்ளை, மெஷின் இப்பதான் காலியாச்சு. உடனே கொண்டு வந்தா முடிச்சிடலாம். விட்டா நான் ஆளே இருக்க மாட்டேன்" என்று லேத்துக்காரர் போனில் கத்தினார். மெல்லப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவதால் இவர் அவருக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

அவசரத்தில் அளவு எடுக்காமலே பழைய ஷாஃப்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெக்கானிக் ஓடினார். பின்சக்கரங்களுக்குப் பஞ்சர் பார்த்து மாட்டும் வேலையில் மனைவி இருந்தாள். லேத்துக் கடையிலிருந்து அவளுக்குப் போன் போட்டார். மெஷின் சத்தத்தில் காது கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டார்.

"டயர் மாட்டிட்டியா?"

"மாட்டியாச்சு."

"அப்ப கியர்பாக்ஸ் முனையிலேர்ந்து பின்னால அச்சுல இருக்கிற கிரவுன் முனை வரைக்கும் டேப் வச்சு சொல்லு."

அவள் அளந்து சொன்னாள். லேத்துக்காரர் சாக்பீஸால் குழாயில் குறித்தார்.

"நிக்கும்போதுதானே அளந்தே?"

"பின்ன, ஓடும்போதா அளப்பாங்க?"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். லேத்துக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக்கும் சிரித்தார். வேறு நாளாயிருந்தால் மறுபடியும் அளக்கச் சொல்லியிருப்பார், அதற்கு அப்புறம் தானே போய் அளந்திருப்பார். அன்றைக்குச் சிரிப்பு வாயை அடைத்துவிட்டது. பொண்டாட்டியிடம் நாலு பேர் முன்னால் இரண்டாவது தரம் அசடு வழிய யாருக்குத்தான் ஆசை?

ஷாஃப்டோடு திரும்பி வந்தபோது வண்டி சக்கரங்களில் நின்றுகொண்டிருந்தது. "இப்பதான் இறக்கினேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஜாக்கியை ஓரமாக இழுத்துப் போட்டாள். கீழே படுத்து ஷாஃப்டை மாட்டினார். முன்முனை கொஞ்சம் இறுக்கமாகத்தான் ஏறியது. வழுக்குவதற்கு விட்ட இடம் கட்டைவிரல் அகலம் கூட இல்லை. மனசுக்குள் ஒன்று நெருடியது.

"என்னங்க, சரியா இருக்கா? இல்ல இன்னிக்கும் ஏதாவது பயமா?" என்றாள் வெளியிலிருந்து.

"சரியாத்தான் இருக்கு" என்றார். புது வேலை, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று தனக்கும் சொல்லிக்கொண்டார்.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். வெண்ணெய் மாதிரி ஓடியது. புகை இல்லை, உதறல் இல்லை. அவள் இரண்டு தெரு தாண்டி வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெளிறுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

முதல் வாடகை, கண்ணாடி. மேட்டில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் கண்ணாடிகளைக் கொண்டு சேர்க்க வேண்டும். பாரம் அதிகம், பாதை வளைவும் ஏற்றமும் இறக்கமுமாகப் போகும். காலையில் அவள் கிளம்பும்போது மெக்கானிக் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார், ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார், மறுபடியும் உருவினார்.

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். நீங்க வந்தா கண்ணாடியை விட உங்களைத்தான் பத்திரமா இறக்கணும்." ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இன்னிக்குப் போன் வரக் கூடாது. வந்தாலும் எடுக்க மாட்டேன். நிம்மதியா ஒரு நாள் ஓட்டிட்டு வரேன்."

"சரி. ஒரே ஒரு தடவை, போய்ச் சேர்ந்ததும்..."

"எடுக்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா?"

வண்டி தெருமுனை திரும்பியது. மெக்கானிக் போனைச் சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார். பட்டறையைப் பெருக்கினார். பெருக்கிய இடத்தையே பெருக்கினார். அவள் இந்நேரம் கண்ணாடிக் கடையில் பாரம் ஏற்றியிருப்பாள், இந்நேரம் மேட்டுச் சாலையைப் பிடித்திருப்பாள் என்று மனசு அவளுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

செயின் பிளாக்கைத் திருப்பி எடுத்துப் போக லேத்துக்காரர் வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளை, தங்கச்சி சொன்னது இருக்கே, கடையில இன்னும் ஓஞ்சபாடில்ல. எவன் எதைக் கேட்டாலும், 'பின்ன ஓடும்போதா'ன்னு ஆரம்பிச்சிடறானுங்க."

மெக்கானிக்கும் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை.

நிக்கும்போது. அவர் கேட்டது, வண்டி தன் சக்கரங்களில், தன் எடையைப் பட்டை ஸ்பிரிங்கில் இறக்கி நிற்கும்போது. மெக்கானிக் பாஷையில் நிற்பது என்றால் அதுதான். அவளுக்கு நிற்பது என்றால் ஓடாமல் இருப்பது. அவள் ஓட்டுகிறவள். வண்டி ஒன்று ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, பின் அச்சு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாலும் அவள் கணக்கில் அது நிற்கிற வண்டிதான். 'இப்பதான் இறக்கினேன்' என்றாளே. அப்படியானால் அளந்தது இறக்குவதற்கு முன்னால்.

"அண்ணே, குழாய் நீளம்" என்றார்.

"என்ன மாப்பிள்ளை?"

"தொங்கும்போது அளந்திருக்கா. அச்சு கீழே தொங்கினா அளவு கூடத்தானே வரும்? குழாய் நீளமாயிடுச்சு. காலி வண்டியில தெரியல. பாரம் ஏத்தினா அச்சு மேலே வரும், குழாய்க்குப் போக இடமில்ல. ஒவ்வொரு குழியிலயும் கியர்பாக்ஸைக் குத்தும். உடைச்சிடும் அண்ணே. உடைஞ்சா குழாய் முன்முனை கீழே விழும். ஓடற வண்டியில ரோட்டுல குத்தி நின்னா..."

லேத்துக்காரருக்குப் பாக்கியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மெல்லப் பேசினார். "போன் போடு."

போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார். ஓய்ந்தது. எடுக்க மாட்டேன் என்றால் எடுக்க மாட்டாள், சொன்ன சொல் தவறாதவள் என்று ஊரெல்லாம் மெச்சுகிற குணம் அது. அந்தக் குணத்தை அவர் அந்த நிமிஷம் வாய்விட்டுச் சபித்தார்.

"நான் போட்டா எடுக்கும்" என்று லேத்துக்காரர் தன் போனை எடுத்தார். அதற்கும் பதிலில்லை. எடுப்பாளா? போன வாரம்தான் பக்கத்துக் கடைக்காரர் போனை வாங்கி, 'டயரில் காற்று பார்த்தாயா' என்று கேட்டு மாட்டிக்கொண்டிருந்தார் மனுஷன். யார் போனில் அழைத்தாலும் பின்னால் இவர்தான் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிக் கடைக்குப் போட்டார்கள். அந்த அம்மா பாரம் ஏற்றிக்கொண்டு போய் நேரமாகிவிட்டது என்று பதில் வந்தது.

லேத்துக்காரரின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். சாதாரணமாக மெக்கானிக் பின்னால் உட்கார்ந்தால் மெதுவா மெதுவா என்று ஓட்டுகிறவர் முதுகைத் தட்டிக்கொண்டே வருவார். இன்றைக்கும் தட்டினார், சீக்கிரம் சீக்கிரம் என்று. கடைத்தெருவைத் தாண்டி, மரக்கடைகளைத் தாண்டி, வண்டி மேட்டுச் சாலைக்கு வந்தது. அவர் கண் சாலையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு வேகத்தடையும் அவர் வயிற்றில் ஏறி இறங்கியது. இந்தத் தடையில் குத்தியிருக்கும். இதிலும் குத்தியிருக்கும். ஓரமாகக் கண்ணாடி பளபளத்ததும் லேத்துக்காரரின் தோளை இறுக்கிப் பிடித்தார். உடைந்த குளிர்பானப் பாட்டில்.

இத்தனை வருஷம் எதற்கெல்லாம் பயந்தோம் என்று நினைத்தார். காற்றுக்குப் பயந்தார், மழைக்குப் பயந்தார், லாரிக்காரனுக்குப் பயந்தார். பயப்பட வேண்டிய ஒரே இடத்தில், கீழே படுத்துக் கட்டைவிரலை வைத்துப் பார்த்த அந்த இடத்தில், 'சரியாத்தான் இருக்கு' என்று வாயால் சொன்னார். தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் தாரின் மேல் ஈரமாக ஒரு பொட்டு. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. லேத்துக்காரர் வேகத்தைக் குறைத்தார். இருவருக்கும் வாசனையிலேயே தெரிந்துவிட்டது, கியர் ஆயில். பொட்டுகள் போகப் போகப் பெரிதாகி, நெருங்கி, கடைசியில் கோடாகவே ஆகிவிட்டன. கோடு வளைவில் திரும்பியது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். மோட்டார் சைக்கிள் திரும்பும் வரைக்கும் திறக்கவில்லை.

"நிக்குது மாப்பிள்ளை! வண்டி நிக்குது!"

பிக்கப் ஓரமாக நின்றது. கண்ணாடிகள் கட்டிய கயிறு கட்டியபடி இருந்தன. பின்சக்கரங்களுக்கு அடியில் பெரிய பெரிய கற்கள். பக்கத்தில் தடுப்புச் சுவரில் அவள் உட்கார்ந்திருந்தாள். மோட்டார் சைக்கிள் நிற்பதற்குள் மெக்கானிக் குதித்துவிட்டார், முழங்காலில் விழுந்தார், எழுந்து ஓடினார். அவள் முகத்தை, தோளை, காலைப் பார்த்தார். எங்கும் அடி இல்லை.

"வந்துட்டீங்களா" என்றாள். அதில் கேலி இல்லை. அதுவே அவரைப் பயமுறுத்தியது.

நேராக வண்டிக்கு அடியில் நுழைந்தார். குழாயின் முன்முனை கியர்பாக்ஸில் முட்டிக்கொண்டு நின்றது, நடுவில் காகிதம் நுழைய இடமில்லை. கியர்பாக்ஸின் பின்மூடியில் தலைமுடி அகலத்துக்கு விரிசல். அதிலிருந்து ஆயில் சொட்டி அவர் நெற்றியில் விழுந்தது. இன்னும் இரண்டு மூன்று குழிகள் போயிருந்தால் மூடி கழன்றிருக்கும். அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம் நீளமான இறக்கம் என்பதும் அவருக்குத் தெரியும். வெளியே வந்து, அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாரத்தை இறக்கினாத்தான் வண்டியை நகர்த்த முடியும். நான் போய் வேற வண்டி பிடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு லேத்துக்காரர் திரும்பிப் போனார். புருஷன் பொண்டாட்டி நடுவில் எப்போது நிற்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

"அளவு எடுக்கும்போது வண்டி முட்டுல இருந்துச்சா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நான்தான் சரியாக் கேக்கல." நெற்றியில் இருந்த ஆயிலை வழித்தார். "குத்தற சத்தம் எங்கே கேட்டுச்சு?"

"கண்ணாடிக் கடை வாசல்ல. மொத வேகத்தடையிலயே."

"மொத தடையிலயேவா?" அவர் குரல் உயர்ந்தது. "இவ்வளவு தூரம் அந்தச் சத்தத்தோடயா ஓட்டிட்டு வந்தே? உனக்கென்ன பைத்தியமா? ஒரு போன் போட்டா என்ன?"

"போட்டா?" அவளும் திரும்பினாள். "என்ன பண்ணுவீங்க? ஐயோ ஐயோன்னு ஓடி வருவீங்க. அப்புறம் பத்து நாள் தூங்க மாட்டீங்க. 'நான் செஞ்ச வேலை, என்னாலதான்'னு உருகுவீங்க. அந்த எஞ்சினை எவ்வளவு ஆசையா ஏத்தினீங்க. மொத நாளே திருப்பிக் கொண்டாந்து நிறுத்த எனக்கு மனசு வரல. எப்படியாவது இறக்கிட்டு, மெதுவா வந்து சொல்லலாம்னு பார்த்தேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட எதையும் சொல்ல முடியாதுங்க. சொன்னா உங்களைத் தேத்தறதே எனக்குப் பெரிய வேலையாப் போயிடுது."

மெக்கானிக்குக்கு அது சுருக்கென்று தைத்தது. அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் இத்தனை காலமும் பயந்துகொண்டிருந்தார். அவளோ அந்தப் பயத்திலிருந்து அவரைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொண்டு, உடையப் போகிற வண்டியை மேட்டில் ஏற்றியிருக்கிறாள். தன் பயத்தை நினைத்து அவருக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

"அப்புறம் ஏன் இங்கே நிறுத்தினே?" என்று தணிந்து கேட்டார்.

அவள் சாலையைப் பார்த்தாள். ஒரு பஸ் ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது.

"சொல்லு."

"பயப்படுவீங்க."

"பயப்படுவேன்தான். அது என் குணம், போகாது. பயந்துக்கிட்டே கேக்கறேன். நீ சொல்லு."

அவள் வலது கையால் இடது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கியர் போடுகிற கை.

"வளைவுல திரும்பும்போது எதேச்சையாக் குனிஞ்சு பார்த்தேன். கியர் கம்பி அப்படி உதறுது, எகிறுது. என் கை அதுமேலதான் இருக்கு. பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா எனக்கு உதறல் தெரியல. கண்ணால பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது." அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். "கொஞ்ச நாளா இப்படித்தாங்க இருக்கு. மரத்துப் போகும், அப்புறம் வந்துடும். இன்னிக்கு வரவே இல்ல."

மெக்கானிக்குக்கு ஐயோ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினார். எழுந்து அவள் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்தார். கையில் இருந்த ஆயிலைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் இடது கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பக்கம் பாரு. நான் தொடறது தெரிஞ்சா சொல்லு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டைவிரல் நுனியை அழுத்தினார்.

"தெரியுது."

ஆள்காட்டி விரலை அழுத்தினார்.

"லேசா."

நடுவிரலை அழுத்தினார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மோதிர விரலை அழுத்தினார், சுண்டுவிரலை அழுத்தினார்.

"மத்த விரலையும் பாருங்க" என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடியே. "ஏன் நிறுத்திட்டீங்க?"

"இதோ" என்றார் மெக்கானிக். அவர் குரல் நடுங்கவில்லை. அந்த விரல்களை இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தார்.